புதிதாகத் தோட்டம் வாங்கியவருக்கு: மார்கழி முதல் மாசி வரை செய்ய வேண்டியவை

ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வாங்கி, கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மா, வீட்டுக்குக் காய்கறி என்று தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திண்டுக்கல், கரூர், மதுரை, ஈரோடு பக்கத்துச் செம்மண் நிலத்தை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். டெல்டாவிலும் கடலோரத்திலும் நாள் கணக்கு முன்பின் ஆகும், வேலைகளின் வரிசை பெரிதாக மாறாது.

ஐப்பசியும் கார்த்திகையும் மழை பெய்து ஓய்ந்ததும் தோட்டம் பார்க்க அழகாக இருக்கும். கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும், வெயில் சுடாது, எங்கு பார்த்தாலும் பச்சை. புதியவர்களில் சிலர் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் உற்சாகத்தில் காலியாக இருக்கிற இடத்திலெல்லாம் எதையாவது நட்டுவிடுகிறார்கள். இரண்டுமே பங்குனியில் சிரமப்படுத்தும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் விழுந்துவிடுகிறது. பொங்கலுக்குப் பிறகு கோடை மழை வரும்வரை வானத்தை நம்ப முடியாது. ஆகவே மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் நாம் செய்கிற வேலை சித்திரை வெயிலுக்கான வேலைதான். எதை முதலில் செய்வது என்று குழப்பம் வந்தால், "இது நிலத்தின் ஈரத்தைக் காப்பாற்றுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அதை முதலில் செய்யுங்கள்.

முதலில் களை, உடனே மூடாக்கு

மழைக்கு முளைத்த களைகள் மார்கழியில் பூக்கத் தொடங்கும். விதை கட்டுவதற்கு முன் அவற்றை வெட்டிவிட வேண்டும். பத்து நாள் தள்ளிப் போட்டால் அடுத்த மழைக்கான களையை நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும். பார்த்தீனியம் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். பூ வருவதற்கு முன் வேரோடு பிடுங்க வேண்டும், கையுறை கட்டாயம் வேண்டும். பலருக்கு அது அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் தருகிறது. அருகும் கோரையும் வெட்டினால் போகாது, வேர்க்கிழங்கிலிருந்து திரும்பத் துளிர்க்கும். பாத்திகளுக்குள் மட்டும் அவற்றைத் தோண்டி எடுங்கள். வரப்பில் இருப்பது மண்ணைப் பிடித்து நிற்கிறது, அங்கே இருக்கட்டும்.

மற்ற களைகளை அரிவாளால் அடியோடு அறுத்து அங்கேயே போட்டுவிடுங்கள். வேர் மண்ணுக்குள் மக்கி, தண்ணீர் இறங்குவதற்கு வழி செய்யும். செம்மண்ணில் மழை நின்றதும் மேலே ஒரு பொருக்கு கட்டும். அதைக் களைக்கொத்தால் இரண்டு விரல் ஆழத்துக்கு மேலாகக் கொத்தி உடையுங்கள். பொருக்கு உடைந்து மேலே புழுதி நின்றால், அடி ஈரம் மேலே ஏறி ஆவியாவது குறையும். ஆழமாகக் கொத்தினால் இருக்கிற ஈரத்தையும் வெளியே எடுத்துக் காயப் போடுகிறோம். டிராக்டரை விட்டு ஒரு உழவு ஓட்டலாமா என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொல்வார்கள். மரங்களுக்கு இடையே அது இப்போது வேண்டாம். முதல் கோடை மழை விழுந்ததும் சரிவுக்குக் குறுக்காக ஓட்டும் கோடை உழவு வேறு விஷயம், அது தண்ணீரை உள்ளே வாங்குவதற்கு.

கொத்திய அன்றோ மறுநாளோ மூடாக்கு போட்டுவிட வேண்டும். வெட்டிய களை, நிலக்கடலைக் கொடி, சோளத்தட்டை, கரும்புச் சோகை, தென்னை ஓலை, வேலியோரத்து இலைதழை என்று எது கிடைக்கிறதோ அது போதும். அரையடி உயரத்துக்குப் போடுங்கள். ஒரு மாதத்தில் அது பாதியாக அமுங்கிவிடும். மாசியில் வேம்பும் மற்ற மரங்களும் இலை கொட்டும்போது அதைக் கூட்டி இரண்டாவது முறை போடலாம். போகிக்கு ஊரெல்லாம் எரிப்பார்கள். தயவுசெய்து தோட்டத்துச் சருகை அன்றைக்குக்கூட எரிக்காதீர்கள், நம் நிலத்துக்கு அதைவிட மலிவான உரம் கிடையாது.

மரத்தின் தண்டை ஒட்டி மூடாக்கு இருக்கக் கூடாது. சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டுப் போடுங்கள். ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும், செம்மண்ணில் கரையானும் ஏறும். கரையான் காய்ந்த சருகைத் தின்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது மண்ணுக்கு நல்லதுதான். சின்னக் கன்றுகளின் தண்டில் மண் பூச்சு ஏறுகிறதா என்று மட்டும் வாரம் ஒருமுறை பார்த்து, இருந்தால் தட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மழைக்காலம் முழுக்கக் குவிந்து கிடந்த புல்லையும் ஓலையையும் கையால் அள்ளாதீர்கள். முதலில் நீளக் கம்பால் கிளறிவிட்டு, கொஞ்சம் நின்று, அப்புறம் எடுங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் இருட்டு சீக்கிரம் விழும், மோட்டார் போடப் போகிறவர் டார்ச் இல்லாமல் போகக் கூடாது. கண்ணாடி விரியன் சருகு நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர்க் கணக்கு

மார்கழியில் ஒரு நாள் கிணற்றில் கயிற்றில் கல் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் தண்ணீர் குறையாமல் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். தை முடிவிலும் மாசி முடிவிலும் அதையே திரும்பச் செய்யுங்கள். இந்த மூன்று எண்களும்தான் கோடையில் எவ்வளவு காய்கறி போடலாம் என்று சொல்லும். தை மாதத் தண்ணீரைப் பார்த்துப் பரப்பை முடிவு செய்கிறவர்கள்தான் சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். முதல் வருடம் உங்கள் கிணற்றின் குணம் உங்களுக்குத் தெரியாது. கால் ஏக்கர் போடலாம் என்று தோன்றினால் பத்து சென்ட் போடுங்கள்.

சொட்டுநீர் இருந்தால் மழைக்காலத்தில் அது சும்மா கிடந்திருக்கும். பக்கக் குழாய்களின் கடைசி மூடியைக் கழற்றிவிட்டு, கலங்கல் போய்த் தெளிவாக வரும்வரை தண்ணீரை ஓடவிடுங்கள். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். எலியும் அணிலும் கடித்த இடங்களை இப்போதே மாற்றிவிட வேண்டும். சொட்டுநீர் இன்னும் போடவில்லை என்றால், தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வேலை நடக்க நாளாகும், கோடைக்கு வேண்டுமென்றால் மார்கழியிலேயே கொடுப்பது நல்லது.

பாய்ச்சும் நேரத்தையும் மாற்ற வேண்டும். பனிக்காலத்தில் காலையில் பாய்ச்சுங்கள், அதுவும் வேருக்கு மட்டும். சாயங்காலம் இலை மேல் தண்ணீர் தெளித்தால், இரவுப் பனியும் சேர்ந்து இலை விடியவிடிய ஈரமாகவே இருக்கும், பூஞ்சணம் வர அது போதும். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கணக்கு வைக்காதீர்கள். மூடாக்கை விலக்கி விரலை மண்ணில் விடுங்கள். இரண்டாவது கணு வரை ஈரம் தெரிந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

மரங்கள்: எதற்குத் தண்ணீர், எதற்குப் பட்டினி

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது மாமரத்தில்தான். காய்க்கிற வயதில் உள்ள மா பூவெடுக்க, ஐப்பசி கார்த்திகையிலிருந்தே நாம் தண்ணீர் பாய்ச்சாமல் காயவிட வேண்டும். மார்கழியில் பாசமாகத் தண்ணீர் விட்டு உரமும் வைத்தால் மரம் பூவுக்குப் பதிலாகத் துளிர் விடும். செம்பு நிறத்தில் இளந்துளிர் தளதளவென்று வந்தால் பார்க்க அழகு, ஆனால் அந்தக் கிளையில் இந்த வருடம் காய் கிடையாது. ஆகவே பூ வந்து, பிஞ்சு பிடித்து, பட்டாணி அளவுக்கு வரும்வரை தண்ணீர் வேண்டாம். அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறையக் கொடுக்கலாம். கவாத்தும் (கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவது) இப்போது செய்யக் கூடாது, அது அறுவடை முடிந்து ஆடி ஆவணியில் செய்யும் வேலை. காய்ந்த குச்சியை மட்டும் ஒடித்து எடுங்கள்.

பூ வந்ததும் காலையில் கொத்தைத் தட்டிப் பாருங்கள். சின்னதாக, ஆப்பு வடிவத்தில் பூச்சிகள் தெறித்துப் பறந்தால் அது தத்துப்பூச்சி. இலையில் பிசுபிசுப்பு படிந்து அப்புறம் கறுக்கும். மொட்டு விரிவதற்கு முன் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். பூங்கொத்தில் மாவு தூவியது போல வெள்ளையாகத் தெரிந்தால் சாம்பல் நோய், நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். பூ முழுக்க விரிந்த நாட்களில் எதையும் தெளிக்காதீர்கள். மாம்பூவுக்கு வரும் ஈயும் தேனீயும் வந்தால்தான் காய் பிடிக்கும்.

இதெல்லாம் காய்க்கும் மரத்துக்கு. நட்டு மூன்று வருடம் ஆகாத ஒட்டுக் கன்றுக்குப் பட்டினி கிடையாது, அதற்குத் தண்ணீர் தொடர்ந்து வேண்டும். அது பூவெடுத்தால் ஆசைப்படாமல் கிள்ளிவிடுங்கள். முதலில் கிளை பரவட்டும்.

தென்னைக்கு நேர் எதிர். மழை நின்றதிலிருந்தே அது தண்ணீர் கேட்கத் தொடங்கும். மார்கழியில் தண்டிலிருந்து சுற்றிலும் ஆறடி தூரத்துக்கு வட்டப்பாத்தி எடுங்கள். ஐந்து வயது தாண்டிய, தண்ணீர் பாய்ச்சும் மரத்துக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ரசாயன உரத்தில் பாதி ஆனி, ஆடியிலும் மறு பாதி மார்கழி, தையிலும் வைக்க வேண்டும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் தொழுவுரத்தையாவது குறைக்காமல் வையுங்கள். பாத்தியை மூடத் தேங்காய் மட்டை கிடைத்தால் மிக நல்லது. குழிந்த பக்கம் கீழேயும் முதுகு மேலேயும் வரும்படி மரத்துக்கு நூறு மட்டை அடுக்குங்கள். மட்டை இல்லையென்றால் காய்ந்த ஓலை பதினைந்து போதும்.

ஓலையின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுருள் கோலம் போட்டது போலத் தெரிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தெரியவந்த சுருள் வெள்ளை ஈ இப்போது எங்கும் இருக்கிறது. மழை நின்று காய்ச்சல் தொடங்கும்போதுதான் பெருகும். கடும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அதை அழிக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவி தோட்டத்திலேயே இருக்கிறது, மருந்து முதலில் அதைத்தான் கொல்லும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், எட்டுகிற மரங்களில் ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். நிறைய இருந்தால் வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து அடிக்கலாம்.

முருங்கை இந்தக் காலத்தில் பூக்கத் தொடங்கும். பூவில் இருக்கும்போது தண்ணீர் அதிகமானால் பூ கொட்டிவிடும், அளவாகக் கொடுங்கள். தண்டில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பிக் கிடந்தால் கையால் தொட வேண்டாம். நீளத் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் உள்ள வாளிக்குள் தள்ளிவிடுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 போன்ற செடிமுருங்கையை ஐப்பசி வாக்கில் விதைத்திருந்தால், இரண்டு மாதத்தில் இரண்டரை அடி வளர்ந்திருக்கும். அப்போது நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிளை நிறைய வரும், காயும் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்.

வாழையில் தாய்மரத்துக்கு ஒரு பக்கக்கன்று போதும், மற்றவற்றை அரிந்து எடுங்கள். எலுமிச்சையில் காய்ந்த குச்சிகளையும், அடியிலிருந்து நேராக மேலே போகும் போத்துகளையும் வெட்டுங்கள். கறிவேப்பிலை பனியில் மெதுவாகத்தான் துளிர்க்கும். மொட்டையாக உருவாமல் வீட்டுக்கு வேண்டிய கொத்தை மட்டும் எடுங்கள், மாசியில் வெட்டிவிட்டால் வேகமாக வரும்.

மல்லிகைக் கவாத்து

நாலு மல்லிகைச் செடி இருந்தாலும் இதைச் செய்யுங்கள். வெட்டவே மனம் வராது என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் பூ இல்லை என்று வருந்துகிறார்கள். கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழிக்குள் கவாத்து முடிந்துவிட வேண்டும். அதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு செடி முழுவதையும் தரையிலிருந்து ஒன்றேமுக்கால் அடி, அதாவது 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுங்கள். காய்ந்தது, நோய் கண்டது, உள்பக்கமாக ஒன்றோடொன்று பின்னியது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். கத்தரி கூர்மையாக இருக்கட்டும், நசுக்கி வெட்டினால் குச்சி பின்னோக்கிக் காயும். தடித்த வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவுங்கள். மீதி இருக்கும் இலைகளையும் உருவிவிடலாம்.

வெட்டி ஒரு வாரம் கழித்துச் சுற்றிலும் மண்ணைக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் வைத்து, தண்ணீர் விட்டு, மூடாக்குப் போடுங்கள். மாசியில் துளிர் மூடிக்கொள்ளும், பங்குனியில் மொட்டு வரும். வெட்டிய குச்சிகளைச் செடிக்கடியிலேயே போடாமல் உரக்குழிக்குக் கொண்டுபோங்கள், அதில் சிலந்திப்பேனும் புழுவும் இருக்கலாம்.

காய்கறிப் பாத்தியில்

முட்டைக்கோஸ், காலிபிளவர் நாற்றை இனிமேல் நடாதீர்கள். சமவெளியில் அவை ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மார்கழிக் குளிரில் கட்ட வேண்டியவை. தையில் நட்டால் கட்டும்போது வெயில் வந்துவிடும். முள்ளங்கியை மார்கழி முழுக்க விதைக்கலாம், 45 நாளில் கிழங்கு. கொத்தமல்லிக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. விதையைச் செருப்புக்காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, இரவு ஊறவைத்து விதையுங்கள். சிறுகீரையும் அரைக்கீரையும் வாரம் ஒரு சிறு பாத்தி என்று தூவி வந்தால் வீட்டுக்குக் கீரை நிற்காது.

அவரையும் மொச்சையும் இந்தப் பருவத்தின் பயிர்கள். ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை மாதக்கணக்கில் கொடியாகவே ஓடுவதைப் பார்த்து, இது மலட்டுக் கொடி என்று சிலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் அது பூக்கும். மார்கழியில் பூத்து, பொங்கலுக்குக் காய் கொடுத்து, மாசிவரை தரும். பனியோடு அசுவினியும் வரும், இளந்தண்டிலும் பூங்காம்பிலும் கறுப்பாக அப்பிக் கிடக்கும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தள்ளுங்கள். விடியற்காலையில் பனி ஈரம் காயும் முன் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வழி, சிறிய கொடிகளுக்கு நன்றாகவே கேட்கும். தூவுவதற்கு முன் இலையைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பில் கறும்புள்ளியுள்ள பொறிவண்டோ, முதலை மாதிரி உடம்புள்ள அதன் சின்னப் புழுவோ இருந்தால் எதுவும் செய்யாமல் ஒரு வாரம் விடுங்கள். அவை அசுவினியைத் தின்றே தீர்த்துவிடும். அந்தப் புழுவைத் தீமை செய்வதென்று நினைத்து நசுக்குகிறவர்கள் நிறையப் பேர்.

வேப்பங்கொட்டைக் கரைசல் செய்யத் தெரிந்துகொள்ளுங்கள், வருடம் முழுக்க உதவும். அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் முடிந்து, கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, பத்து லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அன்றைக்கே தெளித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும். இலை மேல் சாயங்காலம் தண்ணீர் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. வெயில் பட்டால் வேம்பின் சத்து சீக்கிரம் கெடும் என்பதால் நாலு மணிவாக்கில் அடித்து, இருட்டுவதற்குள் இலை உலரவிடுங்கள்.

மழை தாமதமாக ஓய்ந்த வருடங்களில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். நாற்றங்காலை ஒரே இரவில் மேய்ந்துவிடும். ஈரச் சாக்கை மடித்து அங்கங்கே போட்டுவைத்தால் விடியும்போது அதனடியில் வந்து ஒளிந்திருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போடுங்கள். உப்பைப் பாத்தியில் தூவ வேண்டாம், மண் கெட்டுவிடும்.

தைப்பட்டத்துக்கு நாற்று

தையில் நட வேண்டிய கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்று மார்கழியில் விட வேண்டும். தக்காளி 25 நாளில் தயாராகும், கத்தரிக்கு ஒரு மாதத்துக்கு மேல், மிளகாய்க்கு 40 நாள் வரை. குளிரில் முளைப்பும் தாமதமாகும், பொறுமை வேண்டும். குழித்தட்டில் மக்கிய தென்னைநார்க் கழிவோடு மண்புழு உரம் கலந்து நிரப்புவது சுலபம். விதைக்கும் முன் விதையை டிரைக்கோடெர்மா விரிடி தூளில் (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சணம்) புரட்டிக்கொள்ளுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, நம் பத்து கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாக்கால் மூடி வைத்தால் உள்ளே சூடு நிற்கும். முளை எட்டிப் பார்த்த அன்றே பிரித்து வெளிச்சத்தில் வையுங்கள், ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நெட்டையாகும். காலையில் மட்டும் தண்ணீர். நாற்று அடித்தண்டில் இற்றுச் சாய்ந்தால் அது நாற்றழுகல், தண்ணீர் அதிகமானதன் அறிகுறி.

பூசணி, சுரை, பீர்க்கு, பாகல், வெள்ளரி எல்லாம் தையில் நேரடியாகக் குழியில் ஊன்றுபவை. ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, பத்து கிலோ மக்கிய உரத்தை மேல் மண்ணோடு கலந்து நிரப்பி, குழிக்கு ஐந்து விதை போட்டு, முளைத்ததும் நல்ல இரண்டை மட்டும் விடுங்கள். குழிகளைக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் பக்கத்திலேயே வையுங்கள். கோடையில் கடைசியாக மிஞ்சும் தண்ணீர் அங்கேதான் எட்டும். மீதி நிலம் சும்மா கிடக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள். ஈரம் இன்னும் இருந்தால் மார்கழியிலேயே தக்கைப்பூண்டோ சணப்போ தூவி, பூவெடுக்கும் நேரத்தில் அறுத்து மூடாக்காகப் போட்டுவிடலாம்.

மண் பரிசோதனையும் வண்டலும்

முதல் வருடம் இதைச் செய்துவிடுங்கள். உரம் வைப்பதற்கு முன், மண் சேறாக இல்லாத ஒரு நாளில், நிலத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் வேண்டாம். மேலே உள்ள சருகை விலக்கி, "வி" வடிவத்தில் அரையடி ஆழம் வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை ஒரு சீராகச் சீவுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, மீண்டும் கலந்து, கடைசியில் அரை கிலோ மிஞ்சும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தி, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் மரம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

செம்மண்ணில் ஈரம் நிற்கச் சிறந்த வழி கண்மாய் வண்டல். கண்மாய் வற்றுவது பங்குனிக்கு மேல்தான், ஆனால் அனுமதிக்கான வேலையை மாசியிலேயே தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விசாரித்தால் எந்தக் கண்மாயில் எடுக்கலாம் என்று சொல்வார்கள்.

விதைக்கு விடுவது

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். அந்த மாசியில் பகல் வெயிலும் நன்றாக அடிக்கும், விதை காயவைக்க இதைவிட நல்ல நாட்கள் கிடைக்காது. நன்றாகக் காய்த்த, நோய் இல்லாத செடியைத் தையிலேயே பார்த்து, ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது குழம்புக்குப் பறித்துவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுகிற காயை விதைக்கு விடக் கூடாது, செடியின் நடுப்பருவத்துக் காய்தான் விதைக்கு நல்லது.

கத்தரி மஞ்சளாகப் பழுத்த பிறகு அறுத்து, தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுங்கள், மிதப்பது சொத்தை. தக்காளிக் கூழை ஒரு நாள் புளிக்கவிட்டால் வழவழப்பு நீங்கி விதை பிரியும், அப்புறம் கழுவிக்கொள்ளலாம். அவரையும் மொச்சையும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் சத்தம் வரும்வரை விடுங்கள். கத்தரி, தக்காளி விதையை முதல் நாள் நிழலிலும், பிறகு இரண்டு மூன்று நாள் காலை வெயிலிலும் காயவைக்க வேண்டும். உச்சிவெயிலும் சிமெண்டுத் தரையும் முளைப்பைக் கெடுக்கும். அவரை, மொச்சைக்கு வண்டு விழும். விதையைச் சலித்த சாம்பலோடு கலந்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, மேலே காய்ந்த வேப்பிலையும் வையுங்கள். டப்பாவின் மேல் பயிரின் பெயர், எடுத்த மாதம், யாரிடமிருந்து முதலில் வாங்கியது என்று எழுதி ஒட்டுங்கள். பூசணியும் சுரையும் பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தில் எளிதாகக் கலந்துவிடும். விதைக்கு வேண்டுமென்றால் முந்தின மாலையே பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் நூலால் கட்டி வைத்து, மலரும் நேரத்தில் அவிழ்த்து, ஆண்பூவை எடுத்துத் தடவி, பெண்பூவை மறுபடி கட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் காம்பில் அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டுங்கள்.

மாசி முடியும்போது கிணற்றை மூன்றாவது முறை அளந்து, நீர்மட்டம் மார்கழியிலிருந்து பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் கோடைக் காய்கறிப் பரப்பை அப்போதே குறைத்துவிடுங்கள். தென்னைக்கும் சின்ன மாங்கன்றுகளுக்கும் வேண்டிய தண்ணீரை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதை வைத்து எத்தனை குழிக் கொடியை நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்யுங்கள்.